அவசரம் தெரிகிறது, மிச்சம் தெரிவதில்லை

எம்.எஸ். என்று, அதாவது மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் காலைத்தான் பார்க்கிறார்கள். நடக்க முடிகிறதா, தடுமாறுகிறதா, கைத்தடி வேண்டியிருக்கிறதா என்று விசாரிப்பார்கள். கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் கண் பார்வை எப்படி என்று கேட்பார்கள். ஒன்றுக்குப் போவதில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் நான் நிஜத்தைச் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். எம்.எஸ். உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்காவது நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீர்ப்பைத் தொல்லை வந்துவிடுகிறது. அப்படியென்றால் நரம்பியல் பிரிவில் நமக்குப் பக்கத்து நாற்காலியில் காத்திருப்பவருக்கும் இது இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவரும் வந்தவுடனே கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒரே விஷயம். நமக்குத் தெரிவது அவசரம் மட்டும்தான். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அதை அளந்து பார்க்காமல் இந்தத் தொல்லைக்கு மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கட்சி. டாக்டர்களின் வழிகாட்டு நெறிகளும் அதைத்தான் சொல்கின்றன, ஆனால் அவசர அவசரமாகப் பார்த்து அனுப்பும் இடங்களில் அது விட்டுப்போகிறது.

கொஞ்சம் உடற்கூறு பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பைக்கு இரண்டே வேலை. சேர்த்து வைக்க வேண்டும், நேரம் வந்தால் காலி செய்ய வேண்டும். சேர்க்கும்போது பையின் சுவர்த்தசை தளர்ந்திருக்கும், கீழே வாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத்தசை இறுகியிருக்கும். காலி செய்யும்போது அப்படியே தலைகீழ். இரண்டும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகும்படி பார்த்துக்கொள்ள மூளைத்தண்டில் ஒரு நரம்பு மையம் இருக்கிறது. இப்போது போகலாமா, பொறுக்கலாமா என்று முடிவு செய்வது அதற்கும் மேலே முன்மூளை. அங்கிருந்து கிளம்பும் உத்தரவு தண்டுவடம் முழுக்க இறங்கி, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகள் வழியாகப் பைக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவு நீளமான வழியில் எங்கே நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறை சிதைந்திருந்தாலும் தகவல் தடுமாறும். கால்களுக்குப் போகும் தகவலும் அதே தண்டுவடம் வழியாகத்தான் இறங்குகிறது, அதனால்தான் கால் பலவீனமும் சிறுநீர்த் தொல்லையும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. பையில் பழுது இல்லை. அதற்கு வரும் தகவலில்தான் கோளாறு.

அந்தக் கோளாறு மூன்று விதமாகக் காட்டும். ஒன்று, பை கொஞ்சம் நிறைந்ததுமே சுவர்த்தசை தன்னிச்சையாகச் சுருங்கும். சாதாரணமாக 400, 500 மில்லி பிடிக்கும் பை அதில் பாதிகூட நிறையாதபோதே அடம்பிடிக்கும், வந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த நொடியே ஓட வேண்டும், ஓடத்தான் காலும் ஒத்துழைக்காதே. நம்மில் அதிகம் பேருக்கு இதுதான். இன்னொன்று, சுவர்த்தசை சோம்பிப்போய்ச் சரியாகச் சுருங்காது, அதனால் பாதி உள்ளேயே நின்றுவிடும். மூன்றாவது, பை சுருங்குகிற அதே சமயத்தில் சுருக்குத்தசையும் இறுகிக்கொள்ளும். உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் தள்ள, வெளியேயிருந்து இன்னொருவர் அதே கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. போய் உட்கார்ந்தால் வராது. வந்தாலும் விட்டுவிட்டு வரும். முடிந்தது என்று எழுந்து உடையைச் சரிசெய்தால் மறுபடி வருகிற மாதிரி இருக்கும். ஒரே ஆளுக்கு இவை கலந்தும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், வகை எதுவானாலும் நமக்குத் தெரிகிற அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான். அடிக்கடி போக வேண்டும், அவசரமாகப் போக வேண்டும், சில சமயம் கசிந்துவிடும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் பை 400 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் 300 மில்லி உள்ளேயே தங்கிவிடுகிறது என்றால் புதிதாகச் சேர மிச்சமிருப்பது 100 மில்லிக்கு இடம்தான். அரை டம்ளர். அது நிறைந்ததும் திரும்ப ஓட வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் இவருக்குப் பை ரொம்பத் துடிப்பாக இருக்கிறது என்று தோன்றும், நடப்பது நேர் எதிர். இந்த நிலையில் பையை அடக்கும் மாத்திரையைக் கொடுத்தால் ஏற்கனவே சரியாகச் சுருங்காத தசை இன்னும் தளர்ந்து, தங்குவது கூடி, தொற்று வரும். ஒரு மருத்துவர் எனக்கு இரண்டு நிமிடப் பேச்சிலேயே அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார், மிச்சம் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. அடுத்து வந்த காய்ச்சல்தான் என்னை ஸ்கேன் வரைக்கும் கொண்டுபோனது.

அந்த ஸ்கேன் ஒன்றும் பயப்படுகிற சமாச்சாரம் இல்லை. நன்றாகப் போய்விட்டு வந்து படுக்கச் சொல்வார்கள். அடிவயிற்றில் சில்லென்று ஜெல் தடவி, உள்ளங்கையில் அடங்குகிற கருவியைத் தொப்புளுக்குக் கீழே எலும்புக்கு மேலே வைத்துக் கொஞ்சம் சாய்ப்பார்கள். எந்தக் குழாயும் உள்ளே போகாது, வலி கிடையாது. நர்ஸ் என்னிடம், "முழுசா போயிட்டீங்களா?" என்று கேட்டார். "முழுசா போயிட்டேன் சிஸ்டர், ஒரு சொட்டுகூட இல்ல" என்றேன். திரையில் 260 என்று வந்தது. அவர் கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், மறுபடியும் ஏறக்குறைய அதே எண். உள்ளே இவ்வளவு இருப்பது ஒரு துளிகூட எனக்கு உறைக்கவே இல்லை. பொதுவாக 100 மில்லிக்கு மேல் தொடர்ந்து தங்கினால் எம்.எஸ். உள்ளவர்களுக்கு அதைக் கவனிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவுகட்ட வேண்டாம், காத்திருந்து காத்திருந்து பை ரொம்பவே நிரம்பியிருந்தாலும் அன்றைக்குச் சரியாகக் காலியாகாது.

தங்குகிறது என்று தெரிந்தால் அடுத்த பேச்சு கதீட்டர். இங்கேதான் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பக்கத்தில் தொங்கும் பைதான் கண்முன் வருகிறது. நான் சொல்வது அது இல்லை. நாமே ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, காலியானதும் எடுத்துத் தூக்கிப்போட்டுவிடுகிற முறை. 1972இல் ஜாக் லாபிடெஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் இதைப் பிரபலப்படுத்தினார். அதுவரை கதீட்டர் என்றால் அறுவை அரங்குக்கு நிகரான கிருமி நீக்கம் வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். கை சுத்தமாக இருந்தால் போதும், தொற்றுக்கு உண்மையான காரணம் பை விரிந்து தேங்கிக் கிடப்பதுதான் என்று அவர் வாதாடினார். அந்த ஒரு வாதத்தால் எத்தனை பேர் வீட்டை விட்டு வெளியே வர முடிந்தது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று நிறையப் பேர் தனியாகக் கேட்பதால் எழுதுகிறேன். ஆண்களுக்கான குழாய் சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும், பெண்களுக்கானது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான், ஏனென்றால் போக வேண்டிய தூரமே குறைவு. இப்போது வருகிற குழாய்களில் பலவற்றில் மேலேயே வழவழப்பான பூச்சு இருக்கிறது, நனைந்தால் தானாக வழுக்கும். பெண்களுக்குக் குழாயை விடுவது கடினமில்லை, எங்கே விட வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எனக்குக் கற்றுக்கொடுத்த நர்ஸ் தொடைகளுக்கு நடுவே கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். தவறான இடத்துக்குப் போய்விட்டால் அந்தக் குழாயைத் தூரப் போட்டுவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும், அதையே திரும்பப் பயன்படுத்தக் கூடாது. சரியான இடத்துக்குப் போனதும் ஒரு சின்னத் தடை, ஆழமாக மூச்சு விட்டால் அது விலகும், உடனே வர ஆரம்பித்துவிடும். நின்றதும் வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக எடுத்தால் கடைசியில் இன்னும் கொஞ்சம் வரும். அவ்வளவுதான். முதல் தடவை அப்படிக் காலியானபோது அடிவயிறு லேசானதை உணர்ந்தேன், அதுவரை கனமாக இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்களுக்கு இது சிரமம்தான், அதை மறைக்க முடியாது. வீட்டில் யாராவது கற்றுக்கொள்ளலாம், அதுவும் முடியாவிட்டால் தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்கும் வழி இருக்கிறது. அப்படி வைத்துக்கொண்ட ஒருவர் என்னிடம், இதைச் சில வருஷம் முன்னாடியே செய்திருக்கலாம் என்றார்.

அடுத்து தண்ணீர். வெளியே கிளம்ப வேண்டுமென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, உள்ளே போகாவிட்டால் வெளியே வராது. ஆனால் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி, பையின் உட்சுவரை எரிச்சலூட்டும், அவசரம் கூடத்தான் செய்யும். மலம் இறுகும், இறுகிய மலம் பக்கத்திலிருந்து பையை அழுத்தும். எம்.எஸ். உள்ளவர்களுக்கு மலச்சிக்கல் ஏற்கனவே சகஜம், அதைக் கவனித்தாலே சிறுநீர்த் தொல்லை பாதி அடங்கிய ஆட்கள் உண்டு. தொற்றுக்கும் வழி திறந்துவிடுகிறோம். நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, ஒரேயடியாக இல்லாமல் பிரித்துப் பிரித்துக் குடிப்பதுதான் சரி. குறைக்க வேண்டுமென்றால் காபி, டீ, கோலா வகைகளைக் குறையுங்கள், காஃபின் பையைத் தூண்டும். இராத்திரிக்கு மட்டும் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திக்கொள்ளலாம்.

வாசல் பூட்டில் சாவியை நுழைக்கிறபோது வருகிற அவசரம் உங்களுக்கும் உண்டா? வழியெல்லாம் ஒன்றுமே இருக்காது. கதவு முன்னால் நின்று சாவியைத் திருப்புகிறபோது, இனி ஒரு நொடி தாங்காது என்று உள்ளே இடிக்கும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலும் அதேதான். வீடு வந்தாச்சு, போகலாம் என்று மூளை பழகிப்போன விஷயம், எம்.எஸ். இல்லாதவர்களுக்கும் லேசாக உண்டு, நமக்கு அதை அடக்கும் நரம்புதான் பலவீனம். இதற்கு நான் கற்றுக்கொண்டது, ஓடாமல் நிற்பது. ஓடினால் வயிற்றழுத்தம் கூடிக் கசியும். அசையாமல் நின்று, காற்றைப் பிரியவிடாமல் பின்பக்கத்தை இறுக்குவோமே, அப்படி அடியிலுள்ள தசைகளை வேகமாக ஐந்தாறு முறை இறுக்கி விட வேண்டும். அந்தத் தசை இறுகும்போது பை கொஞ்சம் தளரும், அது உடம்பிலேயே இருக்கிற ஏற்பாடு. கூடவே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வருவேன். அலை தணிந்ததும் நிதானமாக நடந்து போகலாம். எப்போதும் பலிக்காது. களைப்பான நாளில் எண்பத்தாறைத் தாண்டுவதற்குள்ளேயே ஆட்டம் முடிந்துவிடும்.

அந்தத் தசைகளுக்கான பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் 1948இல் எழுதினார், பிரசவத்துக்குப் பிந்தைய கசிவுக்காக. எம்.எஸ். தொல்லை லேசாக இருக்கும்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் இது உதவுகிறது, ஆனால் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறையாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பலர் இறுக்குவதாக நினைத்துக் கீழே முக்குகிறார்கள்.

மாத்திரைகள். மிச்சம் தங்கவில்லை, அல்லது தங்குவதைக் காலி செய்ய வழி செய்தாகிவிட்டது என்றால் இவை நன்றாகவே வேலை செய்யும். ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் எல்லாம் ஒரு குடும்பம். பையை அடக்கும், கூடவே வாயை வறட்டும், மலத்தை இறுக்கும், சிலருக்குப் புத்தியை மந்தமாக்கும். கடைசியாகச் சொன்னது நமக்கு முக்கியம். எம்.எஸ்.ஸே ஞாபகத்தையும் கவனத்தையும் கொஞ்சம் கொறிக்கும் நோய், அதன்மேல் இதுவும் சேர்ந்தால் எது நோய், எது மருந்து என்றே தெரியாது. மாத்திரை ஆரம்பித்த பிறகு பேச்சில் வார்த்தை கிடைக்காமல் தடுமாறினால், நோய் முற்றிவிட்டது என்று கலங்குவதற்கு முன்னால் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். மிராபெக்ரான் வேறு வகை, வாய் வறட்சியும் மந்தமும் குறைவு, ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை கேட்காதவர்களுக்கு போடாக்ஸ் இருக்கிறது. முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதே மருந்துதான். சின்ன கேமராக் குழாயை உள்ளே விட்டு, பையின் சுவரில் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போடுவார்கள். 2011இல் அமெரிக்காவில் எம்.எஸ்., தண்டுவடக் காயம் போன்றவற்றால் வரும் கசிவுக்கு அனுமதி கிடைத்தது, அளவு 200 யூனிட். ஆறு முதல் ஒன்பது மாதம் தாங்கும் என்பார்கள், அப்புறம் மறுபடி போட வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு, பை அவ்வளவு அமைதியாகிவிட்டால் காலி செய்யக் கதீட்டர் தேவைப்படலாம், அதனால் ஊசிக்கு முன்பே அதைக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள். ஏற்கனவே கதீட்டர் போடுகிற எனக்கு இதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

இரவில் பல தடவை எழுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் கணுக்காலில் நீர் சேரும், படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராக வெளியேறும். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் அந்த நீர் தூங்கப் போவதற்கு முன்பே இறங்கிவிடும். சிறுநீர் சுரப்பதையே சில மணி நேரம் குறைக்கும் டெஸ்மோபிரெசின் என்று மருந்தும் உண்டு, ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது, 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் கூடாது.

தொற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் எரியும், தெரிந்துவிடும். உணர்ச்சி குறைந்த நமக்கு எரியாமலேயே வரலாம். திடீரென்று கால் கனக்கும், தசை இழுப்பு அதிகமாகும், பார்வை மங்கும், நேற்று வரை ஏறிய படியில் இன்று ஏற முடியாது. ரிலாப்ஸ், அதாவது நோய் மறுபடி தாக்கிவிட்டது என்று வீடே பதறும். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே மையலின் போன நரம்பில் தகவல் ஓடாது, உடம்பை வருத்தி உழைத்ததும் பார்வை தற்காலிகமாக மங்குவதை வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இலேயே கவனித்திருக்கிறார், சூடுதான் காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது. தொற்று தீர்ந்ததும் கால் பழையபடி வந்துவிடும். ஆகவே ரிலாப்ஸ் என்று ஸ்டீராய்டு போடுவதற்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள், தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு அதை இன்னும் மோசமாக்கலாம். இன்னொரு பக்கம், கதீட்டர் போடுகிறவர்களின் சிறுநீரில் எப்போதும் ஏதாவது கிருமி இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாமல் அறிக்கையை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் விழுங்க வேண்டியதில்லை. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, சிறுநீரில் ரத்தம், வயிறு உப்பியும் ஒரு சொட்டும் இறங்காமல் இருப்பது, இவற்றுக்கு மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே போய்விட வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு இது வந்தால் எல்லாவற்றையும் எம்.எஸ். தலையில் போடாமல் புராஸ்டேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களிடம் இதற்கு நேர்மாறாக, பிள்ளை பெற்ற உடம்பு என்று சொல்லி எம்.எஸ்.ஸை மறந்துவிடுகிறார்கள்.

மருத்துவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு. எழுந்து கதவருகே போனபிறகு, "அப்புறம் டாக்டர், இன்னொரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த நேரத்தில் மாத்திரைதான் கிடைக்கும். மருத்துவரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனீர்கள், எப்போது கசிந்தது. அளக்கப் பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை போதும், அதைச் சமையலறைக்குத் திருப்பி வைக்காதீர்கள். உட்கார்ந்ததுமே அந்தத் தாளை நீட்டிவிடலாம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள், போன பிறகு எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்று.